முதல்ல துட்டு, அப்புறம் தாளு

"சார், சும்மா ஒரு சாம்பிள் எழுதி அனுப்புங்க. 1500 வார்த்தை போதும். எங்க டீமுக்குப் பிடிச்சிருந்தா தொடர்ந்து வேலை குடுப்போம்."

இந்த வாரம் வந்த மெசேஜ் இது. போன வாரமும் ஒண்ணு வந்துச்சு, வேற ஆள்கிட்ட இருந்து. வாசகம் மட்டும் அச்சு அசல் அதேதான். (இந்த வாசகத்தையே யாரோ ஒரு ஃப்ரீலான்சர் சாம்பிளா எழுதிக் குடுத்திருப்பார் போல. அவருக்கும் காசு வந்திருக்காது, பாவம்.)

1500 வார்த்தைக்குப் பேரு சாம்பிளாங்க? அருப்புக்கோட்டை பஜார்ல சேவுக்கடை முன்னாடி நின்னா, கடைக்காரர் ரெண்டு சேவை எடுத்துக் கையில குடுத்து "வாயில போட்டுப் பாருங்க"ம்பார். அது சாம்பிள். "அரைக் கிலோ பொட்டலம் போடுங்க, வீட்ல எல்லாரும் தின்னு பார்த்துட்டு நாளைக்குச் சொல்றோம்"னா விடுவாரா? எண்ணெய்க் கரண்டியாலயே ஒண்ணு வைப்பார்.

எரிச்சல்ல இருக்கேன். அதனால இன்னைக்கு இந்தப் பதிவு கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

புதுசா வந்தவங்களுக்கு: நான் எம்.ரெட்டியபட்டில உட்கார்ந்துக்கிட்டு எழுதிப் பிழைக்கிறவன். கம்பெனிகளுக்கு வலைத்தளக் கட்டுரை, மொழிபெயர்ப்பு, யாராவது பெரிய மனுசர் மேடையில வாசிக்கிற பேச்சு, இன்னொருத்தர் பேர் போட்டு வர்ற புத்தகம். எது வந்தாலும் செய்வேன். ஆபீஸ் கிடையாது, மாசச் சம்பளம் கிடையாது, பி.எஃப். கிடையாது. லீவும் கிடையாது. (ஊர்க்காரங்களைக் கேட்டா எனக்கு வருசம் பூரா லீவும்பாங்க.)

அதையும் சொல்லிடறேன். எழுத்தாளனோட முதல் சிக்கல் எழுத்தே இல்லங்க. வீட்ல இருக்கிறதுதான். நம்ம பக்கம் வேலைன்னா ஒண்ணு காட்டுக்குப் போகணும், இல்ல மில்லுக்கு ஷிஃப்ட் போகணும், இல்ல காலைல டிபன் பாக்ஸோட பஸ் ஏறணும். லேப்டாப்பைத் திறந்து வச்சுக்கிட்டுத் திண்ணையில உட்கார்ந்திருந்தா அதுக்குப் பேரு "சும்மா இருக்கான்".

"தம்பி, சும்மாதான இருக்க, இந்தக் கரண்டு பில்லைக் கட்டிவிடு."
"சும்மாதான இருக்க, சிலிண்டர்காரன் வந்தா வாங்கி வை."
"சும்மாதான இருக்க, பாப்பாவுக்கு அந்த ப்ராஜெக்டை வரைஞ்சு குடு."

விளக்கிப் பார்த்தேன். கோவிச்சுப் பார்த்தேன். கதவைச் சாத்திப் பார்த்தேன் (உடம்பு சரியில்லையான்னு ரசம் வச்சுக் கொண்டாந்துட்டாங்க). கடைசியில வேலைக்கு ஆனது என்ன தெரியுமா? காலைல குளிச்சு, இஸ்திரி போட்ட சட்டை மாத்தி, பேக்கை மாட்டிக்கிட்டு அடுத்த தெருவுல இருக்கிற சித்தப்பா வீட்டு மாடிக்குப் போனேன். அவ்ளோதான். அதே லேப்டாப், அதே வேலை. ஒரே வாரத்துல "தம்பி வேலைக்குப் போகுது"ன்னு பேச்சு மாறிடுச்சு. சிலிண்டர் தொல்லை நின்னுச்சு. பொண்ணு குடுக்கக்கூட யாரோ விசாரிச்சாங்களாம்.

சரி, இப்ப பெரிய விசயத்துக்கு வர்றேன். துட்டு.

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு பட்டா வேலையா திருச்சுழி தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தேன். (திருச்சுழி ரமண மகரிஷி பிறந்த ஊரு. 1879ல. "நான் யார்"னு கேட்கச் சொன்ன மனுசன். அதே கேள்வியைத் தாலுகா ஆபீஸ்லயும் கேட்கிறாங்க. ஆதார் ஜெராக்ஸோட பதில் சொல்லணும்.) ஆபீசர் மதியத்துக்கு மேலதான் வருவார்னுட்டாங்க. வாசல்ல மரத்தடியில போய் உட்கார்ந்தேன். பக்கத்துல ஒரு அண்ணே. சின்ன மேஜை, கோர்ட் ஃபீ ஸ்டாம்பு, வெள்ளைத்தாள் கட்டு, ரெண்டு பேனா. மனு எழுதுறவர்.

ஒரு பெரியம்மா வந்தாங்க. முதியோர் பென்சன் நின்னு போச்சாம்.

அண்ணே பேனாவையே எடுக்கல. கேள்வியா கேட்டார். எந்த மாசத்துல இருந்து வரல? பேங்க் புத்தகம் கொண்டாந்தியா? ஆதார்ல இருக்கிற பேரும் இதுல இருக்கிற பேரும் ஒண்ணா? ஏற்கெனவே மனு குடுத்த ரசீது இருக்கா? பேங்க் புத்தகம் இல்லைன்னதும், "போய் எடுத்துக்கிட்டு வா பெரியம்மா, அது இல்லாம எழுதினா என் பேப்பரும் வீண், உன் பஸ் காசும் வீண்"னுட்டார். நல்லவேளை, தேடினதுல பைக்குள்ளயே அடியில இருந்துச்சு.

"எண்பது ரூவா ஆகும்."
"அம்பது வச்சுக்கய்யா."
"பேப்பர், எழுத்துக்கூலி எல்லாம் சேத்துத்தான் எண்பது."

பெரியம்மா சுருக்குப்பையை அவுத்து எண்ணிக் குடுத்தாங்க. ரூவாயைச் சட்டைப்பையில வச்சதுக்கு அப்புறம்தான் 'அனுப்புநர்'னு முதல் வார்த்தையை எழுதினார். கடகடன்னு ஒரு பக்கம். எழுதி முடிச்சு சத்தமா வாசிச்சுக் காட்டினார். பாதியில பெரியம்மா நிறுத்துனாங்க.

"எய்யா, அப்படியே மகனும் மருமகளும் சோறு போடலங்கறதையும் சேத்து எழுதிரு."
"அது இதுல வராது பெரியம்மா. அது ஆர்டிஓ ஆபீஸ்ல, கோட்டாட்சியர்கிட்ட குடுக்கணும். வேற மனு. வேற ரூவா."

எனக்கு எந்திரிச்சு நின்னு கை தட்டணும் போல இருந்துச்சு!

அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் வருசக்கணக்கா தவிச்சிருக்கேன். எனக்கு வர்ற ஆளுங்க, "கட்டுரை சூப்பர் சார், அப்படியே இதை ஃபேஸ்புக்குக்கு அஞ்சு வரியா, யூடியூபுக்கு ஒரு ஸ்கிரிப்டா, இங்கிலீஷ்ல ஒண்ணா மாத்திக் குடுத்துருங்க, சின்ன வேலைதான்"ம்பாங்க. நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டு மாத்துவேன். அண்ணே பல்லைக் கடிக்கல. கோவிச்சுக்கல. "எனக்கு மரியாதை இல்லையா"ன்னு புலம்பல. வேற மனு, வேற ரூவா. முடிஞ்சுச்சு.

பெரியம்மா கையெழுத்துப் போட்டாங்க, தாளை வாங்கிக்கிட்டு உள்ள போனாங்க. அடுத்த ஆள்.

யோசிச்சுப் பாருங்க. ஃப்ரீலான்சிங் பத்தி யூடியூப்ல மணிக்கணக்கா வகுப்பு எடுக்கிறாங்களே, அத்தனையும் அந்த மரத்தடியில இருக்கு. ரேட்டை முதல்ல சொல்றது. தேவையான விவரம் கைக்கு வராம எழுத ஆரம்பிக்காம இருக்கிறது. எழுதினதை வாசிச்சுக் காட்டி ஒப்புதல் வாங்குறது. எல்லைக்கு வெளிய போனா தனிக்கூலி. சாம்பிள்? அவர் மேஜையில அந்தப் பேச்சே இல்ல. "உங்க எழுத்து நாலு பேரு கண்ணுல படுமே" கதையும் அவர்கிட்ட செல்லாது. தாசில்தார் கண்ணுல பட்டாப் போதும் அவருக்கு.

அன்னைல இருந்து நானும் மாறிட்டேன். புதுசா யாராவது வந்தா, விலை சொல்றதுக்கு முந்தி ஒரு கேள்விப் பட்டியல் அனுப்புறேன். யாரு படிக்கப் போறாங்க, எத்தனை வார்த்தை, உங்க பக்கத்துல கடைசி முடிவு எடுக்கிற ஒரே ஆள் யாரு. (இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். இல்லைன்னா மேனேஜர் ஓகே சொன்னதை முதலாளியோட மச்சான் வந்து மாத்துவார்.) திருத்தம் ரெண்டு தடவை, அதுக்கு மேல தனிக்கூலி. பாதிப் பணம் முன்னாடி. சாம்பிள் கேட்டா ஏற்கெனவே வெளிவந்த கட்டுரையோட லிங்க். புதுசாத்தான் வேணும்னா ஒரு பத்தி. அதுக்கு மேல காசு.

ஆளு குறைஞ்சுச்சா? குறைஞ்சுச்சு. குறைஞ்சவங்க யாருன்னு பார்த்தா, எப்படியும் காசு குடுக்காதவங்கதான்.

அந்த அண்ணனுக்கு ஒரு வசதி. வாடிக்கையாளர் எதிர்க்கவே நிக்கிறாங்க. எனக்கு அவங்க சென்னையிலயும் பெங்களூர்லயும் இருக்காங்க. முன்பணம் வந்துரும், மிச்சப் பாதிக்குத்தான் அக்கவுண்ட்ஸ்ல ஒரு தம்பி "ப்ராசஸ்ல இருக்கு சார்"ங்கறான். அது எந்த ஊர்ல இருக்கிற ப்ராசஸோ, வந்து சேரவே மாட்டேங்குது.

இதுக்கு ஒரு சட்டம் இருக்குங்க. நிறையப் பேருக்குத் தெரியல. 2006ல வந்த சிறு குறு தொழில் சட்டம். நம்மள மாதிரி தனி ஆளு எழுத்து வேலை பார்க்கிறதையும் ஒரு குறு நிறுவனமாப் பதியலாம். உத்யம்னு பேரு. ஆதாரும் பான் கார்டும் போதும், அரசாங்கத் தளத்துல பைசா செலவில்ல. (காசு கேட்கிற போலித் தளங்களும் இருக்கு, பார்த்துப் போங்க.) பதிஞ்சுட்டா, வேலையை வாங்கிக்கிட்ட கம்பெனி ஒப்பந்தத்துல சொன்ன தேதிக்குள்ள பணம் குடுக்கணும். அந்தத் தேதியே 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினா வட்டி. சாதா வட்டி இல்ல, ரிசர்வ் வங்கி அறிவிக்கிற பேங்க் ரேட்ல மூணு மடங்கு, அதுவும் மாசா மாசம் கூட்டு வட்டி. கந்துவட்டிக்காரரே ஒரு நிமிசம் நின்னு பார்ப்பார்.

இன்னொரு பிடியும் இருக்கு. 2023 பட்ஜெட்ல ஒரு மாற்றம் கொண்டாந்தாங்க. குறு, சிறு நிறுவனத்துக்குக் குடுக்க வேண்டியதைக் கெடுவுக்குள்ள குடுக்கலைன்னா, குடுக்கிற வரைக்கும் அந்தக் கம்பெனி அதைச் செலவுக் கணக்குல கழிச்சுக்க முடியாது. வரி கட்டணும். அதனால என் பில்லுக்குக் கீழ உத்யம் நம்பரை மட்டும் போட்டு அனுப்ப ஆரம்பிச்சேன். மிரட்டல் ஒண்ணும் இல்ல, ஒரு வரிதான். ஆடிட்டர்கள் மார்ச் மாசம் அதைப் பார்த்துட்டு அவங்களே போன் போட்டு பணத்தை அனுப்பி வைக்கிறாங்க. அந்த அக்கவுண்ட்ஸ் தம்பியோட ப்ராசஸ் எல்லாம் மின்னல் வேகம். (வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முந்தியே பதிஞ்சு வைங்க. சண்டை வந்ததுக்கு அப்புறம் பதிஞ்சா அதுவே ஒரு வழக்காயிரும்.)

பில் பணத்தை அனுப்பும்போதே வரின்னு டி.டி.எஸ். பிடிப்பாங்க, 10 சதவீதம். பான் நம்பர் குடுக்கலைன்னா 20. அது போன காசு இல்லைங்க. வருமானம் வரி வரம்புக்குள்ளன்னா கணக்குத் தாக்கல் பண்ணித் திரும்ப வாங்கலாம். சோம்பேறித்தனத்துல அதை அரசாங்கத்துக்கே மொய் எழுதிட்டு வர்ற எழுத்தாளர்கள் நிறையப் பேரு எனக்குத் தெரியும்.

அப்புறம் உரிமை. நம்ம எழுதினது யாருக்குச் சொந்தம்? 1957 காப்பிரைட் சட்டப்படி, சம்பளத்துக்கு இல்லாம வெளிய இருந்து எழுதிக் குடுக்கிறவன்தான் முதல் உரிமையாளன். எழுத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்தாத்தான் கை மாறும். எத்தனை வருசத்துக்குன்னு ஒப்பந்தத்துல போடலைன்னா 5 வருசம்னு கணக்கு. எந்த ஊருக்குன்னு போடலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும். அதனால யாராவது நீளமா ஒரு பி.டி.எஃப். அனுப்பி "ஃபார்மாலிட்டிதான் சார், சைன் பண்ணிருங்க"ன்னா, அந்த ரெண்டு இடத்தைத் தேடிப் படிங்க. "நிரந்தரமாக, உலகம் முழுவதும்"னு இருந்தா ரேட்டை ஏத்துங்க. உலகம் பெருசு. அதுக்குத் தகுந்த மாதிரி கேளுங்க.

ரேட்டுன்னதும் ஞாபகம் வருது. வார்த்தைக் கணக்கு! இது தமிழ்ல எழுதுறவனுக்குன்னே வச்ச ஆப்பு. இங்கிலீஷ்ல ஆயிரம் வார்த்தை இருக்கிறதைத் தமிழ்ல கொண்டுவந்தா எழுநூறு, எழுநூத்தம்பதுக்குச் சுருங்கிடும். நாம வேற்றுமை உருபெல்லாம் வாலாட்டம் ஒட்டிக்கிற ஆளுங்க. "வீட்டுக்குள்ளேயிருந்து" ஒரே வார்த்தை. அவங்களுக்கு மூணு நாலு ஆகும். தமிழ் வார்த்தையை எண்ணிக் காசு குடுத்தா ஆயிரத்துக்கு முன்னூறு வார்த்தைக் கூலி அம்போ. அதனால மொழிபெயர்ப்புன்னா மூல வார்த்தைக் கணக்குன்னு முதல்லயே பேசிருங்க. (எனக்குத் தெரிஞ்ச ஒரு நண்பர் வேற வழி கண்டுபிடிச்சார். சேர்த்து எழுத வேண்டியதை எல்லாம் பிரிச்சுப் பிரிச்சு எழுதுவார். 'வந்து கொண்டு இருந்து இருக்கிறார்'. படிக்கிறவனுக்கு மூச்சு வாங்கும், அவருக்கு நாலு வார்த்தைக் காசு.)

இதெல்லாம் சரி, "வேண்டாம் சார்"னு சொல்லிட்டு அடுத்த மாசம் என்ன சாப்பிடுறது? நியாயமான கேள்வி.

நம்ம கரிசக்காட்டுலயே ரெண்டு பேரு கதை இருக்கு. கோவில்பட்டி பக்கத்துல இடைசெவல். 1923 செப்டம்பர்ல அந்த ஒரே கிராமத்துல, ஒரு வாரம் முன்ன பின்ன ரெண்டு பிள்ளைங்க பிறந்தாங்க. கி.ராஜநாராயணன், கு.அழகிரிசாமி. சேக்காளிங்க. அழகிரிசாமிக்கு சார்பதிவாளர் ஆபீஸ்ல குமாஸ்தா வேலை. கவர்மெண்ட் உத்தியோகம்! அதை விட்டுட்டு எழுத்தை நம்பி மெட்ராஸ் போனார். சக்தி, அப்புறம் மலேயாவுல தமிழ் நேசன், திரும்பி வந்து நவசக்தின்னு பத்திரிகை பத்திரிகையா வேலை. நடுநடுவுல மொழிபெயர்ப்பு, பழைய நூல் பதிப்பு. 1970ல 46 வயசுல போய்ச் சேர்ந்துட்டார். சாகித்ய அகாடமி விருது அவர் இறந்ததுக்கு அப்புறம்தான் வந்துச்சு. கி.ரா. காட்டை விடல. விவசாயம் பார்த்துக்கிட்டே, முப்பது வயசுக்கு மேலதான் எழுதவே வந்தார். 2021 வரைக்கும் இருந்தார்.

இதை வச்சு அவர் கெட்டிக்காரர், இவர் ஏமாளின்னு யாராவது சொன்னா நான் சண்டைக்கு வருவேன். அழகிரிசாமி கதைகளைப் படிச்சவன் அப்படிச் சொல்ல மாட்டான். நான் பார்க்கிறது வேற. அரிசி டின்னு நிறைஞ்சிருந்தாத்தான் "முடியாது சார்"ங்கற வார்த்தை வாயில வரும். இந்தப் பக்கம் மல்லாங்கிணறுல பிறந்த எஸ்.ராமகிருஷ்ணன் முழுநேர எழுத்துன்னே இருக்கார், 2018ல சாகித்ய அகாடமி வாங்கினார். அவர் என்னென்ன செய்றார்னு பாருங்க. நாவல், பத்திரிகைத் தொடர், மேடைப் பேச்சு, சண்டக்கோழி மாதிரி சினிமாவுக்கு வசனம், சொந்தமா ஒரு பதிப்பகம். ஒரே வாசல்ல நின்னு கையேந்தல.

என் ஏற்பாடு சின்னது. மாசம் தவறாம வர்ற ஒரு மொழிபெயர்ப்பு வேலை, காசு கம்மி, நாள் தவறாது. எப்பவாவது வர்ற பெரிய புத்தக வேலை. மழை பெய்ஞ்ச வருசத்துல வீட்டுக் காட்டுல கொஞ்சம் மல்லி, உளுந்து. ஒரே கம்பெனிகிட்ட இருந்து மொத்த வருமானத்துல பாதிக்கு மேல வர விடுறதில்ல. அப்படி வந்தா அவங்க முதலாளி, நான் வேலையாள். பி.எஃப். மட்டும் கிடையாது.

ஏ.ஐ. பத்தி எழுதலைன்னா சண்டைக்கு வருவீங்க. 2022 கடைசியில சாட்ஜிபிடி வந்ததுல இருந்து சில வேலைகள் நின்னு போச்சு, உண்மை. 'முடி கொட்டாமல் இருக்க பத்து வழிகள்' வகையறா. (அதை எழுதி எழுதியே எனக்கு முடி கொட்டுச்சு. போனதுல வருத்தம் இல்ல.) இப்ப புது மோஸ்தர் என்னன்னா, மெஷின் எழுதினதைக் குடுத்து "லேசா சரி பண்ணிக் குடுங்க, பாதி ரேட்"ங்கறாங்க. அப்படி ஒண்ணு வந்துச்சு, நம்ம பக்கத்தைப் பத்தின கட்டுரை. அதுல குண்டாறு வருசம் முழுக்கத் தண்ணி ஓடுற வற்றாத நதின்னு இருந்துச்சு. திருச்சுழிப் பாலத்துல நின்னு பார்த்தவன் எவனும் எழுதாத வரி. அதைச் சரி பண்றது லேசான வேலையா? முழுசாத் திருப்பி எழுதணும். அதனால இப்ப முதல்ல ரெண்டு பக்கத்தைப் படிச்சுப் பார்த்துட்டு, திருத்தமா, புதுசா எழுதுறதான்னு நான் சொல்றேன், ரேட்டையும் நானே சொல்றேன். ஆள்கிட்ட போய்ப் பேசி, நேர்ல பார்த்து எழுதுற வேலைக்கு இன்னும் காசு இருக்கு. அதைத்தான் கூட்டிக்கிட்டு வர்றேன்.

மாசாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டு போறது, டவர் மாடியில மட்டும் கிடைக்கிறது, எழுத்து ஓடாம முட்டிக்கிட்டு நிக்கிறது, இதெல்லாம் இருக்கு. இதுக்கெல்லாம் புலம்பினா அருப்புக்கோட்டைல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கிறவரும் புலம்பணும்.

கடைசியா ஒண்ணு பாக்கி. உள்ளூர் வேலை! வெளியூர்க் கம்பெனிக்கெல்லாம் கேள்விப் பட்டியல் அனுப்புற நான், ஊருக்குள்ள ஃப்ளெக்ஸ் வாசகம் மட்டும் ஓசியிலயே எழுதிக் குடுத்துக்கிட்டு இருந்தேன். காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா, புதுமனை புகுவிழா. "தம்பி, நாலு வரி கவிதையா போட்டுக் குடு, நீதான் எழுத்தாளன்ல." ஃப்ளெக்ஸ் அடிக்கிறவனுக்கு சதுர அடிக்கு இவ்வளவுன்னு குடுப்பாங்க. கம்பம் நடுறவனுக்குக் குடுப்பாங்க. அதுல இருக்கிற எழுத்துக்கு ஒரு காப்பி.

போன மாசம் துணிஞ்சு ரேட்டு போட்டுட்டேன். விசேசத்துக்கு 100 ரூவா. கண்ணீர் அஞ்சலிக்கு மட்டும் காசு வாங்குறதில்ல, அதுல எல்லாம் ரேட்டு பேசினா ஊருக்குள்ள நடமாட முடியாது. முதல் ஆளா வந்தது எதுத்த வீட்டு மதினி, மகளுக்குச் சடங்கு. நூறு ரூவாயைக் கேட்டதும் மேலயும் கீழயும் பார்த்தாங்க. அப்புறம் உள்ள போய் எடுத்துக்கிட்டு வந்து கையில வச்சாங்க.

"காசு குடுத்துட்டேன்ல தம்பி, இப்ப நாலு வரி பத்தாது. தாய்மாமன் ரெண்டு பேரு பேரும் கவிதைக்குள்ள வரணும். சின்னவன் பேரு முதல்ல வரக்கூடாது, பெரியவன் கோவிச்சுக்குவான்."

வேற மனு, வேற ரூவான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. மதினி கையில பணியாரத் தட்டு இருந்துச்சு. எழுதிக்கிட்டு இருக்கேன்.